சுட்ட ஜப்பானியச் சர்க்கரைவள்ளி இரவுணவாக அமையாதபோது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

தோக்கியோவின் நிஷிகசாய்ப் பகுதியில், இருவர் நின்றால் நெருக்கமாகிவிடும் ஒரு சமையலறையில், அக்டோபர் முதல் மார்ச் வரை வாரத்துக்கு இரண்டு நாளாவது சர்க்கரைவள்ளிக் கிழங்கைச் சுட்டு, அதன் மேல் உப்பும் காரமுமாக ஏதேனும் ஒன்றை வைத்து இரவுணவை முடித்துக்கொள்கிறோம். வேலை மிகக் குறைவு. ஆயினும் கெட்டுப்போகும் விதங்கள் மட்டும் குறைவதில்லை. அதே ஐந்தாறு பிழைகள் ஒவ்வொரு குளிர்காலத்திலும் திரும்பி வருகின்றன. அவற்றை எந்த வரிசையில் சோதித்தால் காசும் கிழங்கும் வீணாகாமல் இருக்கும் என்பதை இங்கே எழுதுகிறேன். பெரும்பாலான பிழைகள் ஓவனிலோ டாப்பிங்கிலோ இல்லை, கிழங்கு வாங்கிய நாளுக்கும் சுட்ட நாளுக்கும் இடையில் அது கிடந்த இடத்தில்தான் இருக்கின்றன என்பதே என் அனுபவம். எனவே எந்த அறிகுறியானாலும் கருவியைக் குறை சொல்லும் முன் கிழங்கைப் பாருங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க, எங்கள் வீட்டில் பிழையின்றி அமையும் முறை இது. 250 கிராம் எடையும் நடுவில் ஐந்து சென்டிமீட்டருக்கு மிகாத பருமனும் உள்ள கிழங்கைக் கழுவி, ஈரத்தைத் துடைக்காமல், பேக்கிங் காகிதம் விரித்த தட்டில் வைத்து, முன்கூட்டிச் சூடாக்காத ஓவனில் 160 டிகிரி செல்சியஸில் 90 நிமிடம் சுட்டு, ஓவனை நிறுத்திய பிறகும் பத்து நிமிடம் உள்ளேயே விட வேண்டும். எடுத்த கிழங்கின் நடுப்பகுதி 95 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும்; மூங்கில் குச்சி தடையின்றி இறங்க வேண்டும். சோதனைக்குத் தேவைப்படுபவை அந்தக் குச்சி, முனையால் குத்திப் பார்க்கும் சமையல் வெப்பமானி, ஓவனுக்குள் நிற்கவைக்கும் சிறிய வெப்பமானி ஆகிய மூன்றே.

அறிகுறி: வெளியே வெந்திருக்கிறது, நடுவில் குச்சி இறங்கவில்லை

முதலில் பருமனைப் பாருங்கள். வேகும் நேரத்தைத் தீர்மானிப்பது எடையைவிடப் பருமனே. ஒரே எடையுள்ள இரண்டு கிழங்குகளில் குண்டானது ஒல்லியானதைவிட இருபது முப்பது நிமிடம் கூடுதலாகக் கேட்கும். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து ஒரே நேரத்தில் எடுத்தால் ஒன்று கட்டாயம் குறைபடும். நடு வெப்பம் 90 டிகிரிக்குக் கீழே இருந்தால் கிழங்கில் குற்றம் எதுவும் இல்லை. மீண்டும் உள்ளே வைத்து, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை குத்திப் பாருங்கள்.

நடு வெப்பம் 95 டிகிரியைத் தாண்டியும் குச்சி தடுக்கிறதா? அப்படியானால் இனி எவ்வளவு நேரம் சுட்டாலும் அது மென்மையாகாது. பச்சையாக இருந்தபோது அந்தக் கிழங்கு குளிரில் அடிபட்டிருக்கிறது. சர்க்கரைவள்ளி வெப்பநாட்டுக் கொடி; அதன் கிழங்குக்கு ஏற்ற சேமிப்பு வெப்பம் 13 முதல் 15 டிகிரி வரை. ஏறத்தாழ 10 டிகிரிக்குக் கீழே சில நாள் கிடந்தாலே அதன் திசு சேதப்பட்டு, வெந்த பிறகும் நடுவில் மரக்கட்டைபோல் ஒரு பகுதி நின்றுவிடும். குளிர்பதனப் பெட்டியின் காய்கறித் தட்டு இதற்கு முதற்காரணம். இரண்டாவது காரணம், தோக்கியோவில் பலரும் செய்வதுபோல், ஜனவரி மாதத்தில் கிழங்குப் பையை பால்கனியில் வைப்பது. வெப்பமூட்டி இயங்காத நடைபாதை அலமாரிகூட இரவில் 10 டிகிரிக்குக் கீழே போய்விடுவதை நான் அளந்து பார்த்திருக்கிறேன். கிழங்குகளை ஒவ்வொன்றாகச் செய்தித்தாளில் சுற்றி, அட்டைப்பெட்டியில் இட்டு, மக்கள் புழங்கும் அறையின் தரையில், வெப்பமூட்டியின் காற்று நேராகப் படாத மூலையில் வைப்பதே போதுமான தீர்வு. வீட்டில் ஒரு கிழங்கு இப்படிக் கெட்டிருந்தால் அதே பையிலுள்ள மற்றவற்றின் முனையை ஒரு சென்டிமீட்டர் அரிந்து பாருங்கள். சதை பழுப்பாகவோ, தோலில் அமுங்கிய குழிகளோடோ இருந்தால் அவற்றைச் சுடுவதற்கு ஒதுக்காதீர்கள். நல்ல பகுதியை மட்டும் மெல்லியதாக அரிந்து புளிக்கவைத்த சோயா விழுதான மிசோவில் செய்யும் சூப்பில் போட்டுவிடலாம்.

கிழங்கு நல்லது, சேமிப்பும் சரி, ஆனால் ஒவ்வொரு முறையும் நடுப்பகுதி வேகவில்லை என்றால் மட்டுமே ஓவனைச் சந்தேகிக்க வேண்டும். சிறிய வெப்பமானியைத் தட்டின் நடுவில் வைத்து, 160 டிகிரிக்கு அமைத்து, முன்சூடு முடிந்து பதினைந்து நிமிடம் கழித்துப் படியுங்கள். இருபது டிகிரி வரை குறைவாகக் காட்டினால் அந்த அளவைக் கூட்டி அமைத்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்ளலாம். சிறிய ஓவன்களில் இது வியப்பில்லை. நாற்பது ஐம்பது டிகிரி குறைந்தால், அல்லது கதவின் ஒரு பக்கம் மட்டும் ஆவி கசிந்தால், தயாரிப்பு நிறுவனத்தின் பழுதுநீக்கும் பிரிவை அழைக்கும் கட்டம் அது. வெளியுறையைக் கழற்றிப் பார்க்கும் எண்ணம் வேண்டாம். மைக்ரோவேவும் சேர்ந்த இயந்திரங்களில், இணைப்பைப் பிடுங்கிய பிறகும் உயிரைப் பறிக்கும் அளவு மின்னழுத்தம் உள்ளே தங்கியிருக்கும்.

மைக்ரோவேவில் வேகவைப்பவர்களுக்கு ஒரு கூடுதல் சோதனை உண்டு. கிழக்கு ஜப்பானில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மேற்கில் 60 ஹெர்ட்ஸ். பிரியும் எல்லை ஏறத்தாழ ஃபூஜி ஆற்றிலிருந்து இதொய்காவா வரை ஓடுகிறது. ஒசாகாவிலிருந்து குடிபெயர்ந்த ஒருவர் விட்டுச்சென்ற பழைய மைக்ரோவேவின் பின்புறத்தில் 60 ஹெர்ட்ஸ் என்று மட்டும் அச்சிட்டிருந்தால், அதைத் தோக்கியோவில் இயக்கவே கூடாது.

அறிகுறி: நன்றாக வெந்திருக்கிறது, ஆனால் இனிப்பே இல்லை

இதற்கு மிக எளிய காரணம் அவசரம். கிழங்கிலுள்ள மாவுச்சத்து ஏறத்தாழ 65 டிகிரிக்கு மேல் இளகத் தொடங்கும்போதுதான் அதிலுள்ள நொதி அதை மால்டோஸ் சர்க்கரையாக மாற்றுகிறது. 80 டிகிரியை நெருங்கும்போது அந்த நொதி செயலிழந்துவிடுகிறது. ஆகவே கிழங்கின் உட்பகுதி அந்த இடைவெளியை எவ்வளவு மெதுவாகக் கடக்கிறதோ அவ்வளவு இனிப்பு ஏறும். மைக்ரோவேவின் முழு ஆற்றலில் ஐந்து நிமிடத்தில் வேகவைத்த கிழங்கு வெந்த உருளைக்கிழங்குபோல் சப்பென்றிருப்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை. ஓவனை 220 டிகிரிக்கு முன்சூடாக்கி அதில் சிறிய கிழங்கைத் தள்ளினாலும் ஏறக்குறைய இதே விளைவுதான்.

தொண்ணூறு நிமிடம் காத்திருக்க முடியாத நாளில், 200 முதல் 250 கிராம் வரையுள்ள கிழங்கை ஈரமான சமையலறைக் காகிதத்தில் சுற்றி, அதன் மேல் மெல்லிய பிளாஸ்டிக் ராப் தாளால் தளர்வாக மூடி, 600 வாட்டில் ஒன்றரை நிமிடமும், பிறகு உறைபனி நீக்கும் 200 வாட்டில் எட்டு முதல் பத்து நிமிடமும் வையுங்கள். ஓவனில் சுட்டதற்கு இது முழு ஈடாகாது. டாப்பிங் போட்டுச் சாப்பிடும் இரவுணவுக்கு இது போதும் என்பது என் கணிப்பு. வெறும் கிழங்காகச் சாப்பிடுவதானால் போதாது. சோறு வேகவைக்கும் குக்கரில் 200 மில்லி தண்ணீர் விட்டு, தீட்டாத அரிசிக்கான முறையில் இயக்குவது இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. இனிப்பு ஏறும், தோல் மட்டும் நனைந்திருக்கும்.

மெதுவாகச் சுட்டும் இனிப்பு ஏறவில்லை என்றால் கிழங்கின் வயதைக் கேளுங்கள். செப்டம்பரிலும் அக்டோபரிலும் புதிதாகத் தோண்டியவை கடைக்கு வரும்போது பார்வைக்கு மிக அழகாக இருக்கும், சுவைக்கு ஏமாற்றும். ஓரிரு மாதம் சேமிப்பில் இருந்து, மாவுச்சத்தில் ஒரு பகுதி சர்க்கரையாக மாறிய பிறகு, டிசம்பர் தொடங்கி பிப்ரவரி வரை கிடைப்பவையே இந்த உணவுக்கு ஏற்றவை. புதுக் கிழங்கை வாங்கிவிட்டவர்கள் மேலே சொன்ன அட்டைப்பெட்டியில் மூன்று நான்கு வாரம் மறந்துவிடலாம்.

கடைசியாக வருவது இனம். பெனி ஹாருக்கா எனப்படும், 2010-இல் பதிவு பெற்ற இனம் சுட்டால் மிகுந்த இனிப்போடு பசைபோல் குழையும். 1984-இல் வெளிவந்து, தோக்கியோவைச் சுற்றியுள்ள கான்தோ வட்டாரத்தில் நெடுங்காலம் கோலோச்சிய பெனி அசுமா அவ்வளவு இனிக்காது. மாவு மாவாக உதிரும். தனேகாஷிமா தீவின் அன்னோ கிழங்கு ஆரஞ்சு கலந்த சதையோடு தேனாக ஒழுகும். தொக்குஷிமாவின் நருத்தோ கிந்தோகி, மாவாக உதிர்வதற்கும் குழைவதற்கும் நடுவில் நிற்கும். உப்பு டாப்பிங்குக்கு இனிப்பு மிகுந்த இனம்தான் வேண்டும் என்பதில்லை. உண்மையில் இனிப்பு குறைந்த பெனி அசுமாவையே நான் தேடி வாங்குகிறேன். இனிப்பில்லை என்பது இரவுணவு மேசையில் எப்போதும் பிழையாகிவிடுவதில்லை.

அறிகுறி: வறண்டு, விழுங்கும்போது தொண்டையில் நிற்கிறது

பெனி அசுமா போன்ற மாவுக்கிழங்கின் இயல்பே அது. முதல் தீர்வு டாப்பிங்கில் இருக்கிறது. வெண்ணெய், எள்ளெண்ணெய், மயோனெய்ஸ், தயிர் ஆகிய கொழுப்புள்ள ஏதேனும் ஒன்று இல்லாமல் இதைப் பரிமாறக் கூடாது. அடுத்த முறை சுடும்போது ஈரமான காகிதத்தைச் சுற்றி, அதன் மேல் அலுமினியத் தாளைச் சுற்றிவிட்டால் ஈரம் தங்கும், தோல் மட்டும் மொறுமொறுப்பாகாது. குழையும் இனமும் வறண்டுபோனால் அது சேமிப்பில் சுருங்கிய கிழங்கு; வாங்கும்போதே கையில் கனம் இல்லாததையும் தோல் சுருக்கம் விழுந்ததையும் தவிருங்கள்.

அறிகுறி: குழைந்துபோய், டாப்பிங் தட்டில் வழிந்து விழுகிறது

இது பெரும்பாலும் வெட்டும் முறையில் உள்ள பிழை. கிழங்கை இரண்டாகப் பிளந்து படுக்கவைத்தால் அதன் முகம் மேடாக இருக்கும். எதை வைத்தாலும் சரியும். நீளவாக்கில் ஒரே ஒரு கீறல் போதும், அதுவும் இரு முனைகளிலும் இரண்டு சென்டிமீட்டர் விட்டு, ஆழத்தில் முக்கால் பங்கு வரை மட்டும். பிறகு துணியால் பிடித்துக்கொண்டு இரு முனைகளையும் உள்நோக்கித் தள்ளினால் நடுப்பகுதி தானாகவே வாய்திறந்து தொன்னைபோல் நிற்கும். உள்ளிருக்கும் சதையை முட்கரண்டியால் கிளறி, முதலில் உப்பை அங்கே தூவி, அதன் பிறகே டாப்பிங் வைக்க வேண்டும். பெனி ஹாருக்கா மிகக் குழைந்திருந்தால், வாய்திறந்த நிலையில் ஐந்து நிமிடம் 230 டிகிரியில் வைத்து மேற்பரப்பை உலர்த்திக்கொள்ளுங்கள்.

வெட்டியது சரியாக இருந்தும் வழிந்தால் டாப்பிங்கில் தண்ணீர் மிகுந்திருக்கிறது. தயிரானால் காபி வடிதாளில் இரண்டு மணி நேரம் வடித்துவிடுங்கள். டின் மீனானால் கரண்டியின் பின்புறத்தால் அழுத்திச் சாற்றை இறுத்துவிடுங்கள். கொரிய ஊறுகாயான கிம்ச்சியைப் பிழிந்துதான் போட வேண்டும். பிழிந்த சாற்றை வீணாக்காமல் மேலே துளித்துளியாக விடலாம். ஒன்சென் தமாகோ எனப்படும் வெந்நீர் முட்டையை இதன்மேல் உடைத்து ஊற்றிப் படம் எடுப்பவர்கள் உண்டு. அதன் வெள்ளைக்கரு நீராக ஓடும். கொதிநீரில் ஏழு நிமிடம் வேகவைத்து, தோலுரித்து, இரண்டாகப் பிளந்த முட்டையே இங்கே நிலைத்து நிற்கும்.

அறிகுறி: உப்பு தனியாக, இனிப்பு தனியாக, இரண்டும் சேரவில்லை

எங்கள் வீட்டுப் புகார்களில் பாதிக்கு மேல் இதுதான், தீர்வு மலிவானதும்கூட.

உப்பு போதவில்லை என்பதே முதற்காரணம். இனிப்பு உப்பை மறைப்பதால், உருளைக்கிழங்குக்குப் போடும் அளவு இங்கே போதாது. ஒரு வாய் சாப்பிட்டு, சதையில் நேரடியாக ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து, மறுபடி சாப்பிட்டுப் பாருங்கள். சரியாகிவிட்டால் வேறெதையும் மாற்ற வேண்டாம்.

உப்பு சேர்த்தும் திகட்டுகிறதென்றால் புளிப்போ காரமோ கசப்போ இல்லை என்று பொருள். கொரியாவில் சுட்ட சர்க்கரைவள்ளியோடு புளித்த கிம்ச்சியைச் சேர்த்து உண்பது பழைய வழக்கம்; அந்த ஒரே ஒரு சேர்க்கை இச்சிக்கலை முழுமையாகத் தீர்த்துவிடுகிறது. எலுமிச்சைச் சாறு, ஊறுகாய்க் காரம், கடுகு விழுது, யூசு எலுமிச்சைத் தோலும் பச்சை மிளகாயும் சேர்த்து அரைத்த யூசு கோஷோ, பச்சையாக நறுக்கிய வெங்காயத்தாள் ஆகிய எதுவும் இந்த வேலையைச் செய்யும். கையில் ஒன்றுமே இல்லாத ஒரு நாளில் கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாய் வற்றல் தாளித்து, வடித்த தயிரின் மேல் கொட்டி வைத்ததுதான் இன்றுவரை வீட்டில் மிகுதியாகக் கேட்கப்படும் டாப்பிங்.

மிசோவைத் தேர்ந்ததில் பிழை இருக்கலாம். கியோத்தோ வகை வெள்ளை மிசோ தானே இனிப்பானது. இனிப்பின் மேல் இனிப்பை வைத்துவிட்டு உப்பைத் தேடுவதில் பயனில்லை. செந்தாய் வகைச் சிவப்பு மிசோவோ, ஐச்சி மாநிலத்தின் ஒக்கசாகியில் சோயா மொச்சையை மட்டும் கொண்டு செய்யப்படும் கறுத்த ஹாச்சோ மிசோவோ இங்கே பொருந்தும். ஒரு கிழங்குக்கு வெண்ணெய் 10 கிராம், மிசோ 5 கிராம் என்பது தொடக்க அளவு. குளிர்ந்த மிசோவை அப்படியே தடவாமல், மென்மையான வெண்ணெயில் குழைத்துத் தடவுங்கள். இந்தக் கலவையை ஓவனில் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போனால் மூன்று நான்கு நிமிடத்தில் கருகிக் கசந்துவிடும். ஓவனின் சூட்டைக் காண வேண்டிய டாப்பிங் பாலாடைக்கட்டி ஒன்றுதான். வெங்காயத்தாள், எள், கடற்பாசித் தாள் எல்லாம் மேசையில் சேர்க்க வேண்டியவை.

வயிறு நிறைந்தும் ஒரு மணி நேரத்தில் மறுபடி பசிக்கிறதா? கிழங்கில் நூறு கிராமுக்கு ஒரு கிராம் அளவே புரதம் உண்டு. வெண்ணெயும் வெங்காயத்தாளும் மட்டும் அதை உணவாக்கிவிடாது. புளிக்கவைத்த சோயா மொச்சையான நாட்டோவின் ஒரு சிறு பெட்டியில் ஏறத்தாழ 8 கிராம், ஒரு முட்டையில் 6 கிராமுக்கு மேல் புரதம் கிடைக்கிறது. நாட்டோவின் வாடையைத் தாங்க முடியாதவர்கள் அதைக் கடுகு விழுதோடு நன்றாகக் கிளறி, சூடான கிழங்கின் மேல் வைக்காமல், கிழங்கு வெதுவெதுப்பாக ஆறிய பிறகு வைத்தால் பாதி வாடை குறைவதைக் காண்பார்கள்.

அறிகுறி: சைவ உணவில் மீன் வாடை அடிக்கிறது

மூக்கு பொய் சொல்லவில்லை. மிசோ பெட்டியில் 'தாஷி இரி' (சுவைச்சாறு சேர்த்தது) என்றிருந்தால் அதில் பெரும்பாலும் சூரை மீன் சாறு கலந்திருக்கிறது. சோற்றின் மேல் தூவும் ஃபுரிகாகேவில் எள்ளும் கடற்பாசியும் மட்டுமே கண்ணுக்குத் தெரிந்தாலும் மீன் தூள் இருப்பது வழக்கம். கிம்ச்சியில் ஊறவைத்த இறாலோ மீன் சாறோ இருக்கும். நாட்டோவோடு வரும் சிறு பொட்டலச் சாற்றிலும் அப்படியே. தாஷி சேர்க்காத மிசோவும் வெறும் சோயா சாஸும் வாங்கினால் இந்தச் சிக்கல் முடிந்துவிடும். பெட்டியின் பின்புறப் பொருட்பட்டியலில் சூரைக்கான சொல் 'கட்சுவோ'. அந்த எழுத்துகளை ஒருமுறை அடையாளம் கண்டுகொண்டால் பிறகு கண் தானாகவே பிடித்துவிடும்.

அறிகுறி: கசக்கிறது, அல்லது மருந்துபோல் நெடி அடிக்கிறது

துப்பிவிட்டு நிறுத்துங்கள். இந்த ஓர் அறிகுறியில் எளிய காரணத்திலிருந்து தொடங்கிப் படிப்படியாகச் சோதிக்கும் முறை பொருந்தாது. கரும்புள்ளி அழுகல் போன்ற பூஞ்சை நோய் தாக்கினாலும், கூன்வண்டின் புழு குடைந்தாலும், கிழங்கு தற்காப்புக்காக இப்போமியாமரோன் முதலிய கசப்புப் பொருள்களை உண்டாக்குகிறது. அவை நச்சுத்தன்மை உள்ளவை, சுடுவதால் அழிவதும் இல்லை. பூஞ்சை பிடித்த சர்க்கரைவள்ளியைத் தின்ற மாடுகள் நுரையீரல் பாதிப்பால் இறந்தது கால்நடை மருத்துவத்தில் நன்கு அறியப்பட்ட செய்தி. தமிழ்நாட்டில் புழு துளைத்த கிழங்கைக் கடித்தவர்களுக்கு அந்தக் கசப்பு நினைவிருக்கும். கறுத்த பகுதியை மட்டும் வெட்டிவிட்டு மிச்சத்தைத் தின்னும் வழக்கமும் நினைவிருக்கலாம். கசப்பு கறுப்பின் எல்லையோடு நிற்பதில்லை என்பதால் கிழங்கு முழுவதையும் எறிந்துவிட வேண்டும். அதன்மேல் வைத்த வெண்ணெயும் அத்துடன் போகட்டும்.

கூன்வண்டு ஜப்பானில் ஒக்கினாவா, அமாமி போன்ற தென்தீவுகளில்தான் நிலைகொண்டிருக்கிறது. அது பரவாமல் தடுக்க, அங்கிருந்து பச்சைக் கிழங்கைத் தலைநிலத்துக்குக் கொண்டுவருவதைத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் தடைசெய்கிறது. சுற்றுலா சென்றவர்கள் ஊதாக் கிழங்கை அன்பளிப்பாகப் பெட்டியில் வைத்துக்கொண்டு வரக் கூடாது. கசந்த கிழங்கை ஏற்கெனவே உண்டுவிட்டு வாந்தியோ வயிற்றுவலியோ மூச்சுத்திணறலோ தோன்றினால், எஞ்சிய துண்டைப் பையிலிட்டு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள். மூச்சு வாங்கினால், ஜப்பானின் ஆம்புலன்ஸ், தீயணைப்பு எண்ணான 119-ஐ அழைப்பதில் தயக்கம் வேண்டாம்.

அறிகுறி: கறுப்பு, பச்சை, சாம்பல் நிறங்கள்

கசப்பும் நெடியும் இல்லாதவரை இவை பெரும்பாலும் பொருட்படுத்தத் தக்கவை அல்ல. முனைகளில் தார்போல் ஒட்டியிருக்கும் கறுப்பு, வெட்டியபோது கசிந்த பால் உலர்ந்து கறுத்தது. சதையில் பச்சை படர்ந்திருந்தால் சமையல் சோடா பட்டிருக்கும். இரும்புக் கத்தி பட்ட இடம் சாம்பல் நிறமாகும். தோலில் தொட்டால் தூளாக உதிரும் பூஞ்சையோ, அழுத்தினால் அமுங்கும் ஈரப் பகுதியோ இருந்தால் மட்டும் முந்தைய தலைப்புக்குத் திரும்புங்கள்.

அறிகுறி: தேனாக ஒழுகி, தட்டில் கருகிப் புகைகிறது

ஒழுகுவது சர்க்கரைச் சாறு. கிழங்கு நன்றாகச் சுடப்பட்டதற்கு அது நற்சான்று. கருகுவதற்குக் காரணம் காகிதம் விரிக்காததும், கடைசியில் வெப்பத்தை மிகுதியாக்கியதும். காகிதத்தின் ஓரங்களை மடித்துத் தொட்டிபோல் செய்துவிடுங்கள். தட்டில் ஏற்கெனவே இறுகிவிட்ட கரியைச் சுரண்டாமல் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் கரைந்துவிடும். ஓவனின் அடித்தளத்தில் சிந்தியதை ஆறிய பிறகு உடனே துடையுங்கள், இல்லையேல் அடுத்த நாள் ரொட்டி சுடும்போதும் புகையும்.

அறிகுறி: பத்துப் பதினைந்து நிமிடத்திலேயே புகை, உள்ளே கரி

புதிதாகக் குடிவந்தவர்களின் வீட்டில் மூன்று முறை பார்த்துவிட்டேன். மூன்றிலும் காரணம் ஒன்றே. ஓவன்-ரேஞ்ச் எனப்படும் இயந்திரத்தில் 'ரென்ஜி' என்பது மைக்ரோவேவ், 'ஓபுன்' என்பது ஓவன். ஒரே கதவு, அருகருகே இரண்டு பொத்தான்கள். 'ரென்ஜி'யை அழுத்தி நேரத்தை மட்டும் நீட்டிவிட்டால் கிழங்கு உள்ளிருந்து காய்ந்து கருகி, தீப்பற்றவும் செய்யும். அலுமினியத் தாளில் சுற்றியிருந்தால் பொறியும் பறக்கும். புகையைக் கண்டதும் கதவைத் திறக்காதீர்கள். காற்றுப் புகுந்தால் தீ வளரும். இயந்திரத்தை நிறுத்தி, இணைப்பைப் பிடுங்கி, மூடிய கதவோடு அடங்கும்வரை காத்திருங்கள், அடங்கவில்லையென்றால் 119. தீ அடங்கிய பின் உள்சுவரில் கருமையோ பூச்சு உரிதலோ தெரிந்தால், பழுதுநீக்குநர் பார்க்கும்வரை மறுபடி இயக்கக் கூடாது.

அறிகுறி: சுட்டுக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் நின்றுவிடுகிறது

எந்த பிரேக்கர் இறங்கியிருக்கிறது என்பதைப் பார்ப்பதே முழுச் சோதனையும். வரிசையாக உள்ள சிறிய பிரேக்கர்களில் ஒன்று மட்டும் இறங்கியிருந்தால், அந்த ஒரு மின்சுற்றில் சுமை மிகுந்துவிட்டது. ஒரு சுற்று வழக்கமாக 20 ஆம்பியர், அதாவது 100 வோல்ட்டில் 2,000 வாட் தாங்கும். ஓவன் 1,300 வாட்டும் மின்கெண்டி 1,200 வாட்டும் எடுக்கும்போது தேநீர் போட்டதுதான் குற்றம். கெண்டியை வேறு அறையில் மாட்டுங்கள். நீட்டிப்புப் பலகையின் மொத்த வரம்பு 1,500 வாட் என்பதால் ஓவனை அதில் மாட்டாமல் சுவரிலேயே நேரடியாக மாட்ட வேண்டும்.

வீடு முழுவதும் இருண்டு, இடப்பக்கத்திலுள்ள பெரிய ஆம்பியர் பிரேக்கர் இறங்கியிருந்தால், வெப்பமூட்டியும் ஓவனும் முடி உலர்த்தியும் சேர்ந்து, மின் நிறுவனத்தோடு செய்துகொண்ட ஒப்பந்த அளவைத் தாண்டிவிட்டன. 30 ஆம்பியர் ஒப்பந்தமுள்ள வீட்டில் குளிர்காலத்தில் இது எளிதில் நிகழும். ஸ்மார்ட் மீட்டர் உள்ள வீடுகளில் அந்த பிரேக்கரே இருக்காது. மின்சாரம் நின்று, சிறிது நேரத்தில் தானாகத் திரும்பும். அடிக்கடி நேர்ந்தால் ஒப்பந்தத்தை உயர்த்தலாம், ஆனால் மாதக் கட்டணமும் சேர்ந்து உயரும். நான் உயர்த்தாமல், சுடும் நேரத்தை வெப்பமூட்டி தேவைப்படாத பிற்பகலுக்கு மாற்றிக்கொண்டேன்.

சோதனைப் பொத்தான் உள்ள நடு பிரேக்கர் இறங்கியிருந்தால் அது வேறு கதை. அது மின்கசிவைக் கண்டு இறங்குவது. ஓவனின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு மேலேற்றிப் பாருங்கள். மறுபடி இறங்காமல் நின்றால் ஓவனில் கசிவு, தயாரிப்பாளரை அழையுங்கள். ஓவன் இல்லாமலும் இறங்கினால் வீட்டின் கம்பியிலோ வேறொரு கருவியிலோ கோளாறு. வாடகை வீட்டில் அன்றே நிர்வாக அலுவலகத்தை அழைத்து உரிமம் பெற்ற மின்பணியாளரை வரவழையுங்கள். திரும்பத் திரும்ப மேலேற்றிப் பார்ப்பதை இங்கே முற்றிலும் தவிர்க்க வேண்டும்.

அறிகுறி: மீந்த கிழங்கு மறுநாள் கல்லாகிவிட்டது

வெந்த மாவுச்சத்து குளிரில் இறுகுவது இயல்பு. தண்ணீர் தெளித்து டோஸ்டர் ஓவனில் எட்டு முதல் பத்து நிமிடம் சூடாக்கினால் இளகிவிடும். மைக்ரோவேவ் ஒரு நிமிடம், டோஸ்டர் மூன்று நிமிடம் என்று பிரித்தால் இன்னும் நன்று. டாப்பிங் வைத்த கிழங்கை எடுத்துவைக்காதீர்கள். சுட்ட வெறும் கிழங்கை மட்டும் ராப் தாளில் இறுகச் சுற்றி உறையவைத்தால் ஒரு மாதம் கெடாது, பச்சைக் கிழங்கைக் கெடுக்கும் குளிர் வெந்த கிழங்கை இறுக்கினாலும் கெடுப்பதில்லை.

அலுமினியத் தாளில் சுற்றிச் சுட்டதை அந்தத் தாளோடே மேசையில் இரவு முழுவதும் விடுவது மட்டும் கூடாது. 1994-இல் அமெரிக்காவின் எல் பாசோ நகரில், தாளோடு சுட்டு அறை வெப்பத்தில் நெடுநேரம் கிடந்த உருளைக்கிழங்கால் 30 பேர் பொட்டுலிச நச்சுக்கு ஆளாயினர். தாளுக்குள் காற்றில்லாத ஈரச் சூடு அந்தக் கிருமிக்கு ஏற்ற இடமாகிவிடுகிறது. சுட்டு முடிந்ததும் தாளைப் பிரித்து, இரண்டு மணி நேரத்துக்குள் உண்ணுங்கள் அல்லது குளிர்பதனப் பெட்டிக்குள் வையுங்கள்; காலையில் எழுந்து பார்க்கும்போது தாளுக்குள்ளேயே கிடந்தால் முகர்ந்துபார்த்து முடிவுசெய்யாமல் குப்பையில் போட்டுவிடுங்கள்.